உடலுக்கு உடையா, உடைக்கு உடலா?

துணியை உடையாக்கும் வழிகள் இரண்டு. உடலை அளந்து அதற்கேற்பத் துணியை வெட்டுவது ஒன்று. உடையின் வடிவை முன்னமே முடிவுசெய்து, அதற்குள் உடலை அடக்குவது மற்றொன்று. ஐரோப்பாவின் மேட்டுக்குடிப் பெண்கள் இந்த இரண்டாம் வழியிலே நூற்றாண்டுக் கணக்கில் சிறைப்பட்டுக் கிடந்தனர்.

1675இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, தையற்பெண்கள் தமக்கெனத் தொழிற்குழு அமைத்துக்கொள்ள ஒப்புதல் தந்தான். பெண்ணின் உடையைப் பெண்ணே தைக்கலாம்! பெரும் உரிமைதான். ஆனால், திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த தகடுகளைச் செருகித் தைக்கும் இறுக்குக் கச்சு மட்டும் ஆண் தையற்காரரின் தனியுரிமையாகவே நீடித்தது. பாவாடை உங்களுக்கு, இடுப்பு எங்களுக்கு என்பதுபோல் இல்லையா இந்த நீதி?

1789இல் புரட்சி வெடித்தது. முடியாட்சி சாய்ந்தது, கச்சும் சிறிது காலம் தளர்ந்தது. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மீண்டும் வந்து இறுக்கிற்று.

அதை எதிர்த்தோருள் ஒருவர் மதலேன் வியோனே. 1876இல் எளிய குடும்பத்தில் பிறந்து, சிறுமியாய் இருந்தபோதே பள்ளியை விட்டு ஊசி பிடித்தவர். 1912இல் பாரிசில் சொந்தத் தையலகம் கண்டார்.

அவர் கையாண்ட முறை மந்திரமன்று, கணக்கு. துணியில் பாவு நெடுக்கே ஓடும்; ஊடு குறுக்கே ஓடும். இழையின் போக்கிலேயே இழுத்தால் துணி விறைத்து நிற்கும். 45 பாகைச் சாய்வில் இழுத்துப் பாருங்கள்! இழைகளுக்கிடையே உள்ள சதுரக் கண்கள் சாய்சதுரமாகும். துணி நீளும், நெகிழும். நம் தையற்காரர் 'கிராஸ்' என்னும் வெட்டு இதுவே. வியோனே, பாதியளவு மரப்பொம்மைமீது துணியைச் சார்த்தி ஆராய்ந்து, உடை முழுவதையுமே இவ்வாறு வெட்டினார். தகடும் கயிறும் தேவையற்றுப் போயின. உடல் அசைந்தது, உடையும் உடன் அசைந்தது.

உடுத்தும் சீமாட்டியின் இடுப்பை மட்டுமா அவர் எண்ணினார்? தைக்கும் ஏழைப் பெண்ணின் முதுகையும் எண்ணினார். முக்காலிக்கு மாறாகச் சாய்வுள்ள நாற்காலி, உணவகம், மருத்துவ உதவி ஆகியன தந்தார். பிரெஞ்சுச் சட்டம் 1936இல் ஊதியத்துடன் விடுமுறையைக் கட்டாயமாக்கும் முன்பே, தம் தொழிலாளருக்கு அதை வழங்கினார்.

உடை ஒவ்வாவிட்டால் திருத்த வேண்டியது உடையையே, உடலையன்று. வழக்கம் என்னும் பழைய கச்சுக்குள் மனிதரை மடக்க முனைவோர் இன்றும் உளர். அவர்களிடம் நாம் கேட்போம்: மனிதனுக்காக வழக்கமா? வழக்கத்துக்காக மனிதனா?