ஒரு நூலும் ஒரு நாடும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடகோடியில், மத்தியதரைக் கடலின் அலைகள் மோதும் கரையில் அமைந்த அரபு நாடு துனீசியா. மேற்கே அல்ஜீரியா, தென்கிழக்கே லிபியா. வடக்கே கோதுமை வயல்கள்; கடலோரம் ஆலிவ் தோப்புகள்; தெற்கே பேரீச்சஞ் சோலைகள்; அதற்கப்பால் சகாராவின் மணற்பரப்பு.

உரோமாபுரியை நடுங்க வைத்த கார்த்தேஜ் நகரம் இங்கேதான் இருந்தது. கி.மு. 146-இல் உரோமர் அதனை அழித்தனர். கி.பி. 670-இல் அராபியர் கைரவான் நகரை எழுப்பினர். சமுதாயங்கள் எழுவதற்கும் வீழ்வதற்கும் காரணம் தேடிய வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1332-இல் பிறந்தது, தலைநகர் தூனிசில். அமெரிக்கா அடிமை முறையை ஒழித்தது 1865-இல்; துனீசியாவோ 1846-லேயே ஒழித்தது!

அடிமைக்கு விடுதலை வந்தது, பெண்ணுக்கு வந்ததா? ஆண் பல மனைவியரை மணக்கலாம். வாய்ச்சொல் ஒன்றால் மனைவியை விலக்கலாம். 1881 முதல் நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரரும் இந்நிலையை மாற்றவில்லை.

1930-இல் தாகிர் ஹத்தாத் என்னும் இளைஞர் ஒரு நூல் எழுதினார். அவர் நாத்திகரல்லர், சைத்தூனா என்னும் சமயக் கல்விக்கூடத்தில் பயின்றவர். பெண்ணுக்குக் கல்வி வேண்டும், பலதார மணம் ஒழிய வேண்டும், மணவிலக்கை நீதிமன்றம் தீர்க்க வேண்டும் என்றார். மறுப்புரை வந்ததா? வசை வந்தது! அவர் பெற்ற பட்டத்தைப் பறித்தனர். வறுமையில் வாடி, 1935-இல் மாண்டார்.

மனிதர் மாண்டார்; கருத்து மாளவில்லை. 1956 மார்ச்சு 20-இல் நாடு விடுதலை பெற்றது. ஐந்தே திங்களில், ஆகஸ்டு 13-இல், பிரதமர் பூர்கிபாவின் அரசு குடும்பச் சட்டம் கொணர்ந்தது. பலதார மணம் குற்றமாயிற்று. மணவிலக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. மணமகளின் இசைவு கட்டாயமாயிற்று.

குறையும் கூறுவோம். பெண்ணின் விலங்கை உடைத்த பூர்கிபாவே 1975-இல் வாழ்நாள் குடியரசுத் தலைவரானார். 1987-இல்தான் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். மகனுக்கு ஒரு பங்கு, மகளுக்கு அதில் பாதி என்னும் சொத்துரிமை முறையும் இன்னும் நீங்கவில்லை. அதனை மாற்ற 2018-இல் எழுந்த முயற்சி சட்டமாகவில்லை.

நூல் பிறந்து 26 ஆண்டுகளுக்குப் பின் சட்டம் வந்தது. அச்சட்டமும் பாதி வழியில் நிற்கிறது. மீதி வழியை யார் நடப்பது? ஆட்சியாளர் தாமே முன்வந்து நடப்பாரெனக் காத்திருந்தால் விடியாது. பட்டம் பறிபோனாலும் பேனாவைக் கீழே வையாத இளைஞர்கள் வேண்டும் என்கிறோம் நாம்!