சிவகாசி காலண்டரில் இல்லாத நிறம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். பெரும்பாலும் பக்கத்து ஊர் சிவகாசியில் அச்சானதாக இருக்கும். அதில் லட்சுமியும் சரஸ்வதியும் ரோஜாப்பூ நிறத்தில் சிரிப்பார்கள். தேரடித் தெருவில் நடக்கிற யாருக்கும் அந்த நிறம் கிடையாது! இந்த காலண்டர் அழகுக்கு மூலம் ராஜா ரவிவர்மா. அதற்கு நேர் எதிராக, நம் ஊர் நிறத்தை அப்படியே கான்வாஸில் ஏற்றியவர் ஒரு பெண். அதுவும் பாதி ஹங்கேரிக்காரர்.

அம்ரிதா ஷேர்கில் 1913-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். அப்பா பஞ்சாபி சீக்கியர், அம்மா ஹங்கேரியப் பாடகி. பாரிஸில் ஓவியம் படித்துவிட்டு 1934 கடைசியில் இந்தியா திரும்பினார். 1936-37-ல் தெற்கே ஒரு நீண்ட பயணம். வழியில் அஜந்தா, பிறகு கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள், கன்னியாகுமரி... திரும்பிப் போய் 1937-ல் வரைந்த மூன்று பெரிய படங்களில் ஒன்றுதான் 'பிரம்மச்சாரிகள்'.

படத்தில் கதை எதுவும் இல்லை. ஐந்து இளைஞர்கள், வெற்று மார்பு, வெள்ளை வேட்டி. சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் ஒவ்வொருவர் தோலும் ஒவ்வொரு விதமான பழுப்பு. ரவிவர்மா மாதிரி ஒளியும் நிழலும் போட்டு உடம்பை உருட்டிக் காட்டவில்லை. அஜந்தாவில் பார்த்தது போல தட்டையான வண்ணப் பரப்புகள். ஆண்டாள் கோயில் மாட வீதித் திண்ணையில் இதே முகங்களைப் பார்க்கலாம்.

ஒரு சந்தேகமும் வருகிறது. ஐந்து பையன்கள் ஒன்றாக உட்கார்ந்தால் ஒருத்தன்கூடவா சிரிக்க மாட்டான்? அந்தச் சோகம் அவர்களுடையதா, வசதியான வீட்டிலிருந்து வந்து பார்த்தவருடையதா? பாதி அவருடையதுதான் என்று தோன்றுகிறது. நிறம் மட்டும் பொய் இல்லை.

வாழ்ந்த காலத்தில் படங்கள் அதிகம் விற்கவில்லை. ஹைதராபாத் சாலார் ஜங் திருப்பி அனுப்பிவிட்டார். மைசூர் மகாராஜா இவருடையதை விட்டுவிட்டு ரவிவர்மாவையே தேர்ந்தெடுத்தார்! 1941-ல் லாகூரில் இறந்தபோது அம்ரிதாவுக்கு வயது 28.

1976-ல் அரசு இவருடைய ஓவியங்களை தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. இந்தியாவில் இருப்பதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆக, ஏலத்தில் எடுத்தாலும் படம் உள்நாட்டிலேயேதான் இருக்க வேண்டும். (காமர்ஸ் கணக்குப்படி விலை இறங்க வேண்டும்.) ஆனாலும் 2023-ல் இவருடைய 'கதை சொல்லி' 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. 'பிரம்மச்சாரிகள்' விற்பனைக்கு இல்லை. டெல்லி இந்தியா கேட் பக்கத்தில், ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.