கைக்குழந்தையுடன் அந்தமானுக்கு விமானத்தில் போகிறீர்களா? கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தலைப்பிரசவத்துக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் தாய்வீட்டுக்கு வந்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையுடன் அந்தமானுக்குத் திரும்பும் பெண்கள் உண்டு. கப்பல் என்றால் சுமார் 3 நாள் ஆகும். அதனால் கைக்குழந்தை இருந்தால் பெரும்பாலானோர் விமானத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். "ரெண்டு மணி நேரம்தானே, பாப்பா தூங்கி எழுறதுக்குள்ள போயிடலாம்" என்று வீட்டில் தைரியம் சொல்வார்கள்.

பெரும்பாலான நாட்களில் அது சரிதான். ஆனால் இந்த வழித்தடத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சென்னையை விட்டால் வழி முழுக்க வங்கக்கடல். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், வீர் சாவர்க்கர் விமான நிலையத்துக்கு இருப்பது ஒரே ஓடுபாதை. மழைமேகம் தாழ்ந்து ஓடுபாதை தெரியாமல் போனாலோ, காற்று பலமாக அடித்தாலோ, தரையிறங்குவதற்குப் பக்கத்தில் வேறு பயணிகள் விமான நிலையம் கிடையாது. வானத்திலேயே சிறிது நேரம் வட்டமடித்துவிட்டு சென்னைக்கே திரும்ப வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் பல முறை இப்படி நடந்திருக்கிறது.

அப்படித் திரும்பினால் 2 மணி நேரப் பயணம் 5, 6 மணி நேரமாகிவிடும். அதனால் குழந்தையின் பையை 2 மணி நேரத்துக்கு அல்ல, குறைந்தது 8 மணி நேரத்துக்குத் தயார் செய்யுங்கள்.

எத்தனை நாள் குழந்தையை அழைத்துப் போகலாம்?

பிறந்து 48 மணி நேரத்துக்குள் விமானப் பயணம் வேண்டாம், 7 நாளாவது காத்திருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குறைந்தபட்ச வயது விமான நிறுவனத்தைப் பொறுத்து மாறும் என்பதால், டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம், சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும். ஆரோக்கியமான குழந்தைக்கு இதனால் பொதுவாகப் பிரச்னை இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயம் அல்லது நுரையீரல் பிரச்னை உள்ள குழந்தை என்றால் மருத்துவரிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள். சளி, காது வலி, காய்ச்சல் இருந்தாலும் அப்படியே. அறுவை சிகிச்சை மூலம் பிரசவம் ஆகியிருந்தால் தாயும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிக்கெட், ஆவணங்கள்

2 வயது நிறையாத குழந்தை பெரியவரின் மடியில் பயணிக்கலாம். தனி இருக்கை இல்லாவிட்டாலும் குழந்தையின் பெயரில் டிக்கெட் கட்டாயம். ஒரு பெரியவருக்கு ஒரு மடிக்குழந்தைதான். இரட்டைக் குழந்தைகள் என்றால் கூட இன்னொருவர் வேண்டும், அல்லது ஒரு குழந்தைக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும். திரும்பி வரும் தேதிக்குள் 2 வயது முடிந்துவிட்டால், அந்தப் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும்.

வயதை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள். அது இன்னும் கைக்கு வரவில்லை என்றால் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை போன்றவற்றை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல நேரங்களில் கவுன்டரில் ஆவணத்தைக் காட்டித்தான் போர்டிங் பாஸ் வாங்க முடியும். அதனால் சற்று முன்னதாகவே போய்விடுங்கள்.

கையில் வைத்துக்கொள்ளும் பையில் என்ன இருக்க வேண்டும்?

8 மணி நேரத்துக்கான டயப்பர், குழந்தைக்கு இரண்டு மாற்று உடை, உங்களுக்கு ஒரு மேல்சட்டை, துடைப்பான், மெல்லிய போர்வை, அழுக்குத் துணி போட ஒரு கவர், மருத்துவர் எழுதித் தந்த மருந்துகள். பால் பவுடர் கொடுப்பவர்கள் ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனி டப்பாவில் அளந்து வைத்தால் ஆட்டத்தில் கொட்டாது. பால், குழந்தை உணவு ஆகியவற்றைத் தேவையான அளவு பாதுகாப்புச் சோதனையில் அனுமதிப்பார்கள்; தனியே எடுத்துக் காட்டுங்கள். இவற்றில் எதையும் செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

குழந்தையைத் தூங்கவைக்க மருந்து கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஆபத்து.

காது வலிக்குமே, என்ன செய்வது?

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறுவதால் காது அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளிப்போம். குழந்தைக்கு அது தெரியாது. பால் குடித்தால் தானாகவே விழுங்கும். இறங்கும்போதுதான் வலி அதிகம். தரையிறங்க சுமார் அரை மணி நேரத்துக்கு முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடும். அப்போது தூங்கும் குழந்தையை எழுப்பியாவது பால் கொடுங்கள். ஒரு வேளைப் பாலை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

மடியில் எப்படி வைத்துக்கொள்வது?

உங்கள் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டாதீர்கள். விமானம் குலுங்கினால் உங்கள் எடை முழுவதும் குழந்தையை நசுக்கும். பணிப்பெண்ணிடம் கேட்டால், உங்கள் பெல்ட்டோடு இணையும் குழந்தைக்கான தனி பெல்ட்டைத் தருவார்கள். குழந்தைக்கான உயிர்காப்பு அங்கியையும் கேளுங்கள். கடல் மேல் போகும் பயணம் இது.

திடீர் குலுக்கலில் கைப்பிடி மட்டும் போதாது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சியூ சிட்டியில் நொறுங்கிய விமானத்தில் மடிக்குழந்தைகள் 4 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தை உயிரிழந்தது. தனி இருக்கை எடுத்து, விமானத்துக்கு ஏற்ற குழந்தை இருக்கையில் கட்டி அமர்த்துவதுதான் அதிகப் பாதுகாப்பு. வசதி இருந்தால் விமான நிறுவனத்திடம் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

ஆக்ஸிஜன் முகமூடி விழுந்தால் முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு, பிறகு குழந்தைக்குப் போடுங்கள். நீங்கள் மயங்கிவிட்டால் குழந்தையைக் கவனிக்க ஆள் இல்லை.

இறங்கிய பிறகு?

பலருக்கு ஸ்ரீ விஜயபுரத்தோடு பயணம் முடிவதில்லை. மாயாபந்தர், திக்லிபூர் பக்கம் சாலை வழியே போகிறவர்கள் ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தைக் கடக்க வேண்டும். அங்கே குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வாகனங்களை வரிசையாக அனுப்புவார்கள். காட்டுக்குள் நிறுத்த அனுமதி இல்லை. அதனால் சோதனைச்சாவடியிலேயே பால் கொடுத்து, டயப்பர் மாற்றிவிடுங்கள். கச்சல், கேம்பெல் பே போன்ற நிகோபார் தீவுகளுக்குப் போகிறவர்கள், கப்பலுக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு நாளாவது விட்டுத் திட்டமிடுங்கள். விமானம் திரும்பிவிட்டால் கப்பலும் கைநழுவும். அடுத்த கப்பல் வரும்வரை பச்சைக் குழந்தையோடு காத்திருக்க நேரிடும்.