அளந்து கொடுத்த மூச்சு

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில் யாரைக் கண்டாலும் பிராணவாயுவைப் பற்றித்தான் பேச்சு. துருப்பிடிக்காத எஃகு செய்யும் சேலம் உருக்காலை வளாகத்திலேயே பிராணவாயு வசதியோடு 500 படுக்கைகள் போட்டார்கள். "கிடைத்ததா?" என்று கேட்டவர்களே அதிகம், "எவ்வளவு?" என்று கேட்டவர்கள் குறைவு. அந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் ஒரு சோகமான சரித்திரம் இருக்கிறது.

1940-இல் அமெரிக்க ரசாயன அறிஞர் லைனஸ் பாலிங், நீர்மூழ்கிக் கப்பலுக்குள் அடைபட்ட காற்றில் பிராணவாயு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் ஒரு கருவியைச் செய்தார். பிராணவாயுவைக் காந்தம் இழுக்கும்; காற்றிலுள்ள மற்ற முக்கிய வாயுக்களை அப்படி இழுப்பதில்லை. மெல்லிய இழையில் தொங்கும் இரண்டு சின்னக் கண்ணாடிக் குண்டுகள் காந்தத்தின் நடுவே எவ்வளவு திரும்புகின்றன என்று பார்த்தால் வாயுவின் அளவு தெரிந்துவிடும்.

யுத்தத்துக்காகப் பிறந்த கருவி, யுத்தம் முடிந்ததும் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தது. குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்துவந்த காலம் அது. குழந்தை பிழைத்தது, பார்வை போயிற்று. 1942-இல் பாஸ்டன் நகரத்து டாக்டர் டெர்ரி இந்த நோயை முதலில் எழுதிவைத்தார். காரணம் பிராணவாயுவாக இருக்கலாம் என்று 1951-இல் ஆஸ்திரேலிய டாக்டர் கேட் காம்பெல் என்ற அம்மையார் சந்தேகப்பட்டார். அமெரிக்க ஆஸ்பத்திரிகள் கூடி நடத்திய சோதனையில் 1954-இல் அது உறுதியாயிற்று. அதற்குள் உலகில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள்.

பயந்துபோன டாக்டர்கள் வாயுவை ஒரேயடியாகக் குறைத்தார்கள். அப்போது மூச்சுக்குத் திணறிக் குழந்தைகள் இறந்தன. கூடினால் கண், குறைந்தால் உயிர்! நடுவிலுள்ள அந்த ஒற்றையடிப் பாதையைக் காட்ட அளவுகோலைத் தவிர வேறு துணை ஏது?

இது அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். சென்னையில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கும் இதே நோயால் பார்வை போயிற்று. கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று உரிய காலத்தில் சொல்லாத தவறுக்காக, 2015-இல் உச்ச நீதிமன்றம் 1 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு விதித்தது. அந்தத் தொகையால் ஒரு விடியலையாவது அவளுக்குக் காட்ட முடியுமா?

இன்று அந்த அளவுகோல் உள்ளங்கையில் அடங்குகிறது. குழந்தைக்குப் போகும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு எத்தனை பங்கு என்று அது காட்டும். ரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பிஞ்சுப் பாதத்தில் கட்டிய இன்னொரு கருவி சொல்லும். இரண்டையும் பார்த்து நர்ஸ் திருகைத் திருப்புகிறாள்.

பச்சைக் குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டும் நம் பாட்டிமார் ஒரேயடியாக ஊற்றிவிடுவதில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சாய்ப்பார்கள். மூச்சையும் அப்படித்தான் புகட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள உலகம் கொடுத்த விலை, பத்தாயிரம் ஜோடிக் கண்கள்.