மஜ்னூன் எனும் சொல்லும் ஏர்வாடிச் சங்கிலியும்

பனியன் ஏற்றுமதியால் உலகச் சந்தையில் இடம்பெற்ற திருப்பூரில், ஆங்கிலத்தில் கடிதம் வரையத் தெரிந்த இளைஞர்க்கு மதிப்பு மிகுதி. அவர்தம் ஐயங்களுள் ஒன்று சுவையானது. ‘பொஸஸ்டு’ என்றால் பேய் பிடித்தவன். ‘ஸெல்ஃப் பொஸஸ்டு’ என்றால் நிதானம் தவறாதவன். ஒரே சொல் இரு துருவங்களில் நிற்பது எங்ஙனம்?

விடை இலத்தீனில் உள்ளது. அதன் மூலப் பொருள் ‘வல்லவனாய் அமர்தல்’ என்பது. நிலத்தில் அவ்வாறு அமர்ந்தவன் அதற்கு உடையவன். மனமாகிய இல்லத்தில் அந்நியன் அமர்ந்தால் முதற்சொல். உரியவனே அமர்ந்தால் இரண்டாஞ்சொல். ‘கம்போஷர்’ என்பதோ சிதறியவற்றைச் சேர்த்து வைத்தல். நம் ‘அமைதி’யும் ‘அமை’ என்னும் வினையில் பிறந்ததே.

அரபு மொழியில் மன அமைதிக்கு ‘ஸகீனா’ என்பர். குடியிருக்கும் வீடாகிய ‘மஸ்கன்’ அதே வேரினது. மத்ரஸாவில் எழுத்தின் மேல் இடப்படும் ‘ஸுகூன்’ குறியையும் நாம் அறிவோம். உயிரசைவு நின்றது என்பதற்கு அது அடையாளம்.

‘மஜ்னூன்’ என்பதன் வேர் வேறு, மறைத்தலைக் குறிப்பது. கண்ணுக்கு மறைந்தது ஜின். கருவில் மறைந்த சிசு ஜனீன். மரநிழல் மூடிய சோலை ஜன்னத். அறிவு மறைக்கப்பட்டவன், ஜின் தீண்டியவன் என்னும் இரு பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. மக்கத்துக் குறைஷியர் நாயகம் (ஸல்) அவர்களை ஏசக் கைக்கொண்ட சொல்லும் இதுவே. ‘ஸூரத்துல் கலம்’ அப்பழியைத் தொடக்கத்திலேயே மறுக்கிறது.

சொல் ஜின்னை நினைவூட்டிய போதும், நம் முன்னோர் நோயாளியை மருத்துவரிடம் ஒப்படைத்தனர். கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ உடல்நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே நூல் யாத்தார். கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளர்க்கெனத் தனிப்பகுதி இருந்தது. அத்தகைய மனைகளிலும் விலங்கிட்டதுண்டு. அதை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. ஆயினும் அங்கு வைத்தியரும் மருந்தும் இருந்தனர்.

ஃபிக்ஹு நூல்கள் இன்னும் நுட்பமானவை. மஜ்னூனின் சொத்து அவனுக்கே உரியது. ‘வலீ’ எனும் காப்பாளர் அதை அவனுக்காகப் பேணவே கடமைப்பட்டவர். புத்தி மறைந்தவனும் உடையவனே!

இத்தகைய மரபுடையோர் நெஞ்சு நடுங்கும் நாள் 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் விடுதியொன்றின் கீற்றுக் கொட்டகை அதிகாலையில் தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் போயின. ஷஹீதின் அடக்கத்தலத்தைத் தேடி வந்தோரைக் கட்டி வைத்தது தர்கா அன்று. அதனைச் சூழ முளைத்த விடுதிகள். எனினும் அங்கே கொண்டுவந்து விட்டுச் சென்றோர் குடும்பத்தார். அவர்களுள் நம்மவரும் இருந்தனர், பிற சமயத்தாரும் இருந்தனர்.

மனநலக் காப்பகங்களுக்கு உரிமம் வேண்டும் எனும் சட்டம் 1987-இலேயே இயற்றப்பட்டிருந்தது. தீக்குப் பின்னரே அவ்விடுதிகள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவ்வடிவிலும் சங்கிலியிடுதலைத் தடை செய்கிறது.

பின்னாளில் ஏர்வாடியிலேயே அரசின் மனநல சிகிச்சை ஏற்பாடாயிற்று. ‘தவாவும் துஆவும்’ என்று அதற்குப் பெயர். தவா மருந்து, துஆ இறைஞ்சுதல். நம் செவிக்கு இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பினும், அரபியில் ஒன்று வாவைக் கொண்டது, மற்றது ஐனைக் கொண்டது. வேர்கள் வேறு, ஒன்றைப் பெற மற்றொன்றைக் கைவிடச் சொன்ன ஆலிமை நாம் கண்டதில்லை.

தமிழில் சளியும் ‘பிடிக்கிறது’, பைத்தியமும் ‘பிடிக்கிறது’. சளி பிடித்த பிள்ளையை அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிச் செல்கிறோம். மற்றது பிடித்த பிள்ளைக்கும் இன்று அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார்; 14416 எனும் எண்ணில் அழைத்தால் கட்டணமின்றித் தமிழிலேயே வழி சொல்கிறார்கள்.