வாடகைக் கட்டுப்பாடும் பினாங்குக் கடைத்தெருவும்



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடம் குடும்பத்திலிருந்துதான் தொடங்குகிறது. தாத்தா பாட்டி எங்கே வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று மாணவர்கள் வீட்டில் கேட்டெழுதி வரவேண்டும். நான் பணியாற்றுவது பெருநிலத்தில், செபராங் பிறையில். அண்மையில் என் வகுப்பு மாணவர் 27 பேரின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவற்றுள் ஒன்பது தாள்களில் தாத்தாவின் முகவரி கடலுக்கு அப்பால், தீவில் இருந்தது. அதுவும் லெபோ பாசார், லெபோ பினாங்கு, லெபோ குயின், லெபோ கிங் என ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் சில தெருக்கள்! ஒன்பது குடும்பங்களும் ஒரு காலத்தில் கூப்பிடு தொலைவில் வாழ்ந்தவை. எங்கள் குடும்பத்தையும் சேர்த்தால் பத்து.

இவர்கள் ஏன் இக்கரைக்கு வந்தார்கள்? "கலியாணம் ஆகி வந்தோம்", "வேலைக்கு வந்தோம்" என்றுதான் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். ஒருவரும் ஒரு சட்டத்தின் பெயரை எழுதவில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் அதை எப்படி அறிவார்கள்? ஆகவே, அந்தச் சட்டத்தின் கதையை நானே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பானியர் வெளியேறியபின் மலாயா நகரங்களில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. வாடகை விண்ணைத் தொடாமல் தடுக்க 1948இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1966இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் விரும்பியபடி உயர்த்த முடியாது. குடியிருப்பவரை நினைத்தவுடன் வெளியேற்றவும் முடியாது. பினாங்கில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இச்சட்டத்தின்கீழ் இருந்தன. நாட்டில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. ஜோர்ஜ் டவுனின் பழைய தெருக்கள் ஏறக்குறைய முழுவதும் இதன் நிழலில் வாழ்ந்தன என்றே சொல்லலாம்.

சட்டம் ஏட்டில் ஒன்றைச் சொல்லும். தெரு வேறொன்றைச் செய்யும். உரிமையாளரிடம் முழுக் கடைவீட்டையும் குறைந்த வாடகைக்குப் பிடித்திருப்பவர் ஒருவர். அவர் கீழ்த்தளத்தில் கடை வைத்துக்கொண்டு, மேல்மாடியைப் பலகைத் தடுப்புகளால் அறைகளாக்கி உள்வாடகைக்கு விடுவார். அவர் இடம் மாறும்போது அடுத்தவரிடம் 'தேநீர்க் காசு' என்ற பெயரில் ஒரு தொகை வாங்குவதும் வழக்கம். சட்டத்துக்குப் புறம்பானதுதான். ஆனால், தெருவே அறிந்த வழக்கம் அது.

என் அப்பா ஒரு மசாலைக் கடையில் கணக்கெழுதினார். அக்கடையின் மேல்மாடியில் பின்பக்க இரண்டு அறைகள் எங்களுடையவை. மாத வாடகை 35 வெள்ளி. முன்பக்க அறையில் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்ற இரண்டு தாத்தாக்கள். நடு அறையில் தையல் வேலை செய்யும் ஓர் அத்தை. உறவினர் அல்லர், ஆயினும் அத்தைதான். குளியலறை ஒன்றே. காலையில் அதற்கு வரிசை. மல்லி வறுக்கும் நெடி தலைமுடியில் ஏறிவிடும். பள்ளியில் என்னை 'மல்லித்தூள்' என்று கேலி செய்வார்கள். வசதியான வாழ்க்கை என்று நான் சொல்லமாட்டேன். மழை பெய்தால் நான்கு வாளிகள் வைக்கவேண்டும்.

ஏன் ஒழுகியது? இங்கே வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாகவேண்டும். வீட்டு உரிமையாளர் எல்லாரும் செல்வச் சீமான்கள் அல்லர். வக்ஃப் சொத்துகள் உண்டு. சீனர் குலச் சங்கங்களின் வீடுகள் உண்டு. செட்டியார்களின் வீடுகள் உண்டு. கணவர் விட்டுச்சென்ற ஒரே கடைவீட்டை நம்பியிருந்த கைம்பெண்களும் உண்டு. கைக்கு வருவது சில பத்து வெள்ளி. ஓட்டுக்கூரையை மாற்ற ஆயிரக்கணக்கில் வேண்டும். எந்த உரிமையாளர் மாற்றுவார்? அவர்கள் கூரையைத் தொடாமல் விட்டார்கள். நாங்கள் வாளி வைத்தோம். ஐம்பது ஆண்டுகளாகப் பழைய நகரம் இடிபடாமல் நின்றதற்கும், இடிந்து விழுவதுபோல் நின்றதற்கும் ஒரே சட்டம்தான் காரணம்.

1969இல் பினாங்குத் தீவு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. 1970களில் பாயான் லெப்பாசில் தொழிற்சாலைகள் எழுந்தன. படித்த இளையோர் பலர் புதிய வீடமைப்புப் பகுதிகளுக்குப் போனார்கள். ஆகவே, சட்டம் நீங்குவதற்கு முன்பே ஓரளவு ஆள்குறைவு தொடங்கிவிட்டது. எஞ்சியோர் முதியோரும், சிறு கடைக்காரரும், தெருவிலேயே பிழைப்பு வைத்திருந்தோருமே.

1997இல் வாடகைக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்த அச்சட்டம் 1999 டிசம்பர் 31 வரை இடைக்கால அவகாசம் தந்தது. இருபத்தெட்டே மாதங்கள்! அதே காலத்தில் ஆசிய நிதி நெருக்கடியும் வந்து சேர்ந்தது. குடியிருந்தோர் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினார்கள்; மாற்று வீடு கேட்டார்கள். ஆனால், அவர்கள் கட்டக்கூடிய வாடகையில், அவர்கள் பிழைப்புக்கு அருகில், நகரத்துக்குள்ளேயே போதுமான வீடுகள் எழவில்லை. சட்டத்தை நீக்கியது தவறு என்று நான் வாதிடவில்லை. ஒழுகும் கூரையின்கீழ் படுத்தவர்களுக்கு அச்சட்டத்தின் குறை தெரியும். அந்த 28 மாதங்களில் செய்யத் தவறியதைத்தான் நான் குறையாகக் காண்கிறேன்.

2000ஆம் ஆண்டு பிறந்த சில வாரங்களில் எங்கள் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. முழுக் கட்டடத்துக்கும் புதிய வாடகை 1,500 வெள்ளி என்றது. கடை முதலாளி நல்லவர். "கணக்குப்பிள்ளை, நீங்கள் மேலே இருந்தால் நான் கீழே இருக்க முடியாது, மேல்மாடியையும் சரக்கறை ஆக்கினால்தான் கட்டுப்படியாகும்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மார்ச் மாதம் நாங்கள் பிறையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். அப்பா அதற்குப்பின் எட்டு ஆண்டுகள் விடியலில் பேருந்து ஏறி, பெர்ரி ஏறி அதே கடைக்குப் போய்க் கணக்கெழுதினார். தாத்தாக்கள் இருவரும் என்ன ஆனார்கள் என்று அம்மா பலரிடம் விசாரித்தார். ஒருவர் ஈப்போவில் மகளிடம் போனார் என்று தெரிந்தது. மற்றவரைப் பற்றித் தகவல் இல்லை.

வாடகை ஏறியவுடன் செல்வர்கள் குடிவந்துவிட்டார்கள் என்று எண்ணவேண்டா. முதலில் வந்தவை பறவைகள்! ஆள் நீங்கிய கடைவீடுகளின் சன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைக் குரலைப் பாடவிட்டு, உழவாரக் குருவிகளைக் கூடு கட்ட வைத்தார்கள். மனிதர் தந்த வாடகையைவிட எச்சில் கூட்டுக்கு விலை அதிகம். மரபுடைமைப் பகுதியிலிருந்து அவற்றை 2013 இறுதிக்குள் அகற்றவேண்டும் என மாநில அரசு பின்னர் ஆணையிட்டது.

2008 ஜூலை 7ஆம் நாள் ஜோர்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறின. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, ஆசியாவின் பல்லினப் பண்பாட்டுக்கு இவ்விரு நகரங்களும் உயிருள்ள சான்றாக விளங்குகின்றன என்பது. அந்த உயிரில் ஒரு பகுதி எட்டு ஆண்டுகளுக்கு முன்பே பெர்ரி ஏறிவிட்டது. மரபுடைமைப் பகுதியின் மக்கள்தொகை 2009இல் பத்தாயிரத்துக்குச் சற்று மேல் இருந்தது. 2013இல் எடுத்த கணக்கில் 9,500க்கும் கீழே இறங்கியிருந்தது. 2012இல் சுவரோவியங்கள் வந்தன. அவற்றோடு படம் எடுக்கக் கூட்டம் வந்தது. தங்கும் விடுதிகள் பெருகின. இதனைச் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்பார்கள். 1964இல் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியலாளர் இலண்டனைப் பற்றி எழுதும்போது ஆக்கிய சொல். தமிழில் 'மேட்டுக்குடியாக்கம்' என்கிறார்கள். எனக்கு அச்சொல்லில் முழு நிறைவு இல்லை. எங்கள் தெருவில் மேட்டுக்குடியினர் யாரும் குடியேறவில்லையே! இரவு தங்கி மறுநாள் போகிறவர்கள்தானே வந்தார்கள்?

சிங்கப்பூர் நண்பர்கள் சிலர், "எங்கள் லிட்டில் இந்தியாவும் அப்படித்தானே" என்று கேட்பதுண்டு. வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு: அங்கே லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் வந்த நாளும் ஜூலை 7தான், ஆண்டு 1989. ஆனால், வரிசை வேறு. அங்கே 1960 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளைக் கட்டிக்கொண்டே போனது. வாடகைக் கட்டுப்பாடு 2001இல்தான் முற்றாக நீங்கியது. தெரு வாழ்க்கையை அவர்களும் இழந்தார்கள். ஆயினும் கட்டுப்பாடு நீங்கியபோது பெரும்பாலோர் கையில் ஒரு வீட்டுச் சாவி இருந்தது.

தைப்பூசத்துக்கு முதல்நாள் காலை லெபோ பினாங்கில் உள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படும். 2017 முதல் குயின் தெரு மாரியம்மன் கோவிலிலிருந்து தங்க இரதமும் புறப்படுகிறது. சிறுவயதில் நாங்கள் இதற்காக எங்கும் போனதில்லை. மாடிச் சன்னலைத் திறந்தால் போதும். அம்மா அர்ச்சனைத் தட்டுடன் கீழே நிற்பார். இன்றும் கூட்டத்துக்குக் குறைவில்லை, முன்னிலும் அதிகம். எல்லாரும் வெளியிலிருந்து வருகிறார்கள். கடைத்தெருவிலும் பாட்டு ஒலிக்கிறது. பூக்கட்டுகிறார்கள், சேலை விற்கிறார்கள், முறுக்குப் பிழிகிறார்கள். மாலையில் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். வீடு ஆயர் ஈத்தாமில், குளுகோரில், பிறையில். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த நாள்களில் ஒரு மாலை அங்கே போனேன். விடுதிகள் மூடிக் கிடந்தன. எங்கள் பழைய தெருவில் விளக்கெரிந்த மாடிச் சன்னல்களை எண்ணினேன். மூன்று.

நாங்கள் இருந்த கட்டடம் இப்போது அழகாக இருக்கிறது. கூரை ஒழுகாது. அப்பாவின் அறைக்கு ஓரிரவுக் கட்டணம் 280 வெள்ளி என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னார். எட்டு மாத வாடகை என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. கணக்குப்பிள்ளை மகன் அல்லவா!

அந்த ஒன்பது தாள்களையும் மாணவர்களிடம் திருப்பிக் கொடுத்து, "எந்த ஆண்டு இக்கரைக்கு வந்தார்கள் என்று மட்டும் கேட்டு எழுதி வாருங்கள்" என்றேன். ஆறு தாள்கள் திரும்பி வந்தன. ஒன்றில் 1985, ஒன்றில் 1992. மற்ற நான்கிலும் 2000 அல்லது 2001.

இத்தெருக்களில் வாழ்ந்த அன்பர்கள் யாரேனும் இதைப் படித்தால், 1999, 2000ஆம் ஆண்டுகளின் வாடகைச் சீட்டோ அறிவிப்புக் கடிதமோ வீட்டில் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். ஒரு படம் எடுத்து அனுப்பினால் வகுப்பு ஏட்டில் ஒட்டுவேன். எங்கள் வீட்டுக் கடிதத்தை அம்மா எங்கோ பத்திரமாக வைத்தார். எங்கே என்பதுதான் அவருக்கும் இப்போது நினைவில்லை.