கணினியும் தண்ணீரும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பிலே அமைந்த ஊர் களுதாவளை. வெற்றிலைச் செய்கைக்குப் பெயர்பெற்ற இக்கிராமத்தாருக்குத் தண்ணீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் வெற்றிலைக் கொடியை வாடாமற் காப்பது தண்ணீர். மண்பானையிலே குளிர்ந்திருந்து தாகம் தீர்ப்பதும் தண்ணீர். அதே தண்ணீர் இன்று மாணவரின் மடிக்கணினியையும் வெப்பத்தினின்று காத்து நிற்கிறது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். பெருஞ்செல்வம் படைத்த நிலையங்களுக்கே உரியதாயிருந்த அப்பாதுகாப்பு எளியவர் கைக்கு எட்டிய வரலாறு அறியத்தக்கதாகும்.

கணினி உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகிறது. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான 'எனியாக்' என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாற்று மின்சாரத்தை விழுங்கியது. அவ்வெப்பத்தை அகற்றப் பெரும் காற்றூதிகள் இடைவிடாது இயங்கின. காற்று விலையின்றிக் கிடைப்பது. ஆனால் வெப்பத்தைச் சுமப்பதில் அது மிக எளிய கூலியாளே. ஒரே கனவளவை எடுத்துக்கொண்டால், தண்ணீர் காற்றைப் போல ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்க வல்லது. 100 வாற்று வெப்பத்தை வெளிவிடும் ஒரு சில்லின்மீது நிமிடத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரை ஓடவிட்டால், அத்தண்ணீரின் வெப்பநிலை ஒன்றரைப் பாகை அளவே உயரும்.

இவ்வுண்மையை முதலிற் பெரிதாகப் பயன்படுத்தியவர்கள் பெருங்கணினிகளை ஆக்கியோரே. 1967இல் பயனுக்கு வந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் 360 வரிசை 91ஆம் மாதிரி தண்ணீரின் துணையை நாடியது. 1980இல் அறிவிக்கப்பட்ட 3081 என்னும் கணினியிலோ, நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள் ஒரே பேழையுள் நெருக்கி அடுக்கப்பட்டன. சில்லுகளின் வெப்பத்தைச் சிறு உலோகத் தண்டுகள் வாங்கி, குளிர்நீர் ஓடும் தட்டுக்குக் கடத்தின. இவ்வேற்பாட்டுக்குக் குழாய்களும், நீரைக் குளிர்விக்கும் இயந்திரங்களும், அவற்றைக் காக்கும் பணியாளரும் வேண்டியிருந்தனர். அக்காலத்தில் தண்ணீராற் குளிர்ந்த கணினி, அரசாங்கங்கள், பெருவங்கிகள் போன்ற பெருநிலையங்களே வாங்கத்தக்க பொருளாயிருந்தது. 1990களில் மின்சாரத்தைக் குறைவாக உண்ணும் சில்லுகள் பெருங்கணினிகளிலும் புகுந்தமையால், தண்ணீர் சிறிது காலம் விடைபெற்றது. காற்றே போதுமெனக் கருதப்பட்டது.

அந்த ஓய்வு நீடிக்கவில்லை. சில்லின் வேகத்தை ஆண்டுதோறும் உயர்த்தியபோது வெப்பமும் உயர்ந்தது. வேகத்தைக் கூட்டுவதற்கு மின்னழுத்தத்தையும் கூட்ட நேரிடும். மின்னழுத்தம் இரு மடங்கானால் அதன் பொருட்டு மின்செலவு நான்கு மடங்காகும். 2004ஆம் ஆண்டு இன்ரெல் நிறுவனம், மேலும் விரைந்தியங்கவிருந்த ஒரு செயலித் திட்டத்தைக் கைவிட்டது. ஒரே கணிக்கும் கருவை மேன்மேலும் விரட்டுவதை விடுத்து, ஒரே சில்லில் இரண்டு, நான்கு எனப் பல கருக்களை அமைத்து, வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை பரவலாயிற்று. 2005இல் இத்தகைய செயலிகள் சாதாரண மேசைக் கணினிகளுக்கும் வந்து சேர்ந்தன. இன்று வீடுகளிலே காணும் பல்கருச் செயலி, வெப்பம் என்னும் நெருக்கடி பெற்ற பிள்ளை என்று கூறினும் பொருந்தும். ஆயினும் எல்லாக் கருக்களும் ஒருங்கே உழைக்கும்போது, விரலளவான பரப்பிலே நூறு வாற்றுக்கு மேற்பட்ட வெப்பம் கிளம்புகிறது.

இந்நிலையில் வழி காட்டியோர் பெருநிறுவனத்தார் மட்டுமல்லர். 1990களின் பிற்பகுதியிலிருந்தே ஆர்வலர் பலர், பழைய மோட்டார் வாகனங்களின் வெப்பமாற்றியையும் மீன்தொட்டிக்குரிய சிறு நீர்ப்பம்பியையும் இணைத்து, குறைந்த செலவிற் கணினியைக் குளிர்விக்கத் தலைப்பட்டனர். நீர் கசிந்தால் கணினியே பாழாகும். செம்பையும் அலுமினியத்தையும் ஒரே நீரோட்டத்தில் வைத்தால் அரிப்பு உண்டாகும். இத்தொல்லைகளைப் பட்டறிந்தே பாடம் கற்றனர். பின்னர், தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடி முத்திரையிடப்பட்ட கருவிகள் சந்தைக்கு வந்தன. 2009இல் வெளிவந்த கோர்செயர் எச் 50 அவற்றுட் குறிப்பிடத்தக்கது. மாளிகைக் குழாய்களில் ஓடிய தண்ணீர், இவ்வாறு ஒரு கைப்பெட்டியுள் அடங்கிற்று.

இதனினும் எளிய வழியொன்று முன்னரே தோன்றியிருந்தது. அதுவே வெப்பக்குழாய். 1944இல் அமெரிக்கரான கோக்லர் இதன் கருத்துக்கு உரிமம் பெற்றார். 1963இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் குரோவர் இதைத் தாமாகவே கண்டறிந்து வளர்த்தார். காற்று நீக்கப்பட்ட செம்புக் குழாயினுள் சில துளித் தண்ணீர். உட்சுவரிலே திரிபோன்ற நுண்துளைப் படலம். சூடான முனையில் நீர் ஆவியாகிறது. அவ்வாவி குளிர்ந்த முனைக்கு விரைந்து, வெப்பத்தை விட்டு, மீண்டும் நீராகித் திரி வழியே திரும்புகிறது. மண்பானை நீரைக் குளிர்விக்கும் ஆவியாதலே இங்கும் தொழிற்படுகிறது. பானையில் நீர் காற்றோடு போய்விட, குழாயிலோ ஒரு துளியும் வீணாவதில்லை. நீர்ப்பம்பி தேவையில்லை, பராமரிப்பும் இல்லை. மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றையும், மேசைக் கணினிகள் பலவற்றையும் குளிர்விப்பது இதுவே. ஆகவே, நீரின் அளவு சுருங்கச் சுருங்க அதன் பயன் எளியவரை நெருங்கிற்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.

பெருங்கணினிகளோ மீண்டும் தண்ணீரை நாடியுள்ளன. 2010இல் சூரிச் நகரில் இயங்கத் தொடங்கிய 'அக்குவாசார்', சுமார் 60 பாகைச் செல்சியஸ் வெந்நீராலேயே குளிர்ந்தது. அது சுமந்த வெப்பம் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குக் கதகதப்பூட்டியது. இந்தியாவில் 2019இல் புனே நகரிலே நிறுவப்பட்ட 'பரம் பிரம்மா'வும் சில்லுகளின் அருகே திரவத்தை ஓடவிடும் முறையைக் கைக்கொண்டது. மூடிய சுற்றிலே ஓடும் நீர் திரும்பத் திரும்பப் பயன்படும். குளிர்விப்புக் கோபுரங்களிலோ நீர் ஆவியாகி ஊருக்குப் பயன்படாது போகிறது. செயற்கை நுண்ணறிவுக்கெனப் பெரும் தரவு நிலையங்கள் எழும் இக்காலத்தில், கிணற்று நீரை நம்பி வாழும் ஊர்கள் எல்லாம் இவ்வேறுபாட்டைக் கேட்டறிதல் கடமையாகும்.

களுதாவளை போன்ற கரையோர ஊர்களுக்கு மற்றோர் உண்மையும் உண்டு. விசிறியோ நீரோ, தனித்து நின்று ஒரு சில்லை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல இயலாது. அறை 33 பாகையாயின், குளிர்விப்பின் தொடக்கமும் அங்கிருந்தே. உப்புக் காற்றும் தூசியும் வெப்பத்தகட்டை மூடினால், செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். மாணவரோ கணினி பழுதென்று எண்ணுவர். தகட்டின் தூசியை அகற்றுதல், சில்லுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசையைக் காலத்திற் புதுப்பித்தல், காற்றோட்டமுள்ள இடத்திற் கணினியை வைத்தல் ஆகிய மூன்றும் மிகக் குறைந்த செலவில் முடிவன. குழாயினுள் இருக்கும் சில துளித் தண்ணீர் தன் கடமையைச் செய்ய, வெளியே அதற்கு வழிவிட்டு வைப்பது மனிதர் கடமை.